அந்தோனியாரிடம் போன படிவம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் விண்ணப்பப் படிவத்தை ஒருநாளும் அந்தோனியாரிடம் கொண்டுபோகாதீர்கள். சிரிக்காதீர்கள். நான் கொண்டுபோனேன்.

என் பிரியாவிடை அன்று நீங்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ரஞ்சியக்கா, இவ்வளவு காலமாப் பிள்ளையளுக்குப் படிப்புக்கு வழி காட்டியிருக்கிறியள், எங்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோவன்" என்று கேட்டீர்கள். வாய் நிறையக் கேக் இருந்ததால் அன்று தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எந்தப் படிவத்தை எப்போது அனுப்புவது, எந்தப் பெட்டியில் எதை எழுதுவது எல்லாம் இப்போது கணினியே சொல்லித் தருகிறது. நான் சொல்லித் தரக்கூடியது என் முட்டாள்தனங்களை மட்டும்தான். அது என்னிடம் தாராளமாக இருக்கிறது. அதிலும் மிகப் பெரியதை, என் முதலாவதை, இதோ எடுத்து விடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் டென்மார்க்குக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். கலிஃபோர்னியாக்காரர்கள் தங்கள் மலைச்சரிவுகளில் நடுவதற்கு டென்மார்க்கின் யூலண்டுப் பகுதியிலிருந்து காற்றாலைகளை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த காலம். வாங்குவதற்கு முன் சரிபார்க்க அமெரிக்கப் பொறியியலாளர்கள் அங்கே பிராண்டே என்ற ஊருக்குக் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஊருக்கு வெளியே, மூடிப்போன ஒரு பாற்பண்ணைக் கட்டடத்தில், சின்னதாக ஓர் ஆங்கிலப் பள்ளி நடந்தது. மழை நாளில் வகுப்பறைச் சுவரெல்லாம் மோர் மணக்கும். அந்தப் பள்ளிக் கந்தோரில்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்போம், சரியென்றால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

தலைமையாசிரியர் நெட்டையான ஓர் அமெரிக்கர். சப்பாத்துப் போடமாட்டார். டெனிஷ் கமக்காரர்கள் வயலுக்குப் போடுகிற மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு டொக்கு டொக்கென்று நடப்பார். அவர் எங்கே நிற்கிறார் என்று பள்ளி முழுவதற்கும் தெரியும். ஓர் ஒக்டோபர் காலை அந்தச் சத்தம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. அவரும் பிள்ளைகளும் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்கு எல்லாரும் எங்கள் தமிழில் கதைத்ததாகவே ஞாபகம். அப்படியே எழுதுகிறேன்.

"ரஞ்சி, உங்கட நாட்டில பிரித்தானியப் படிப்பு முறைதானே?"

"ஓம் சேர்."

"அப்ப பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறது எப்பிடியெண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அமெரிக்கக் கல்லூரியள் மட்டும்தான் தெரியும். டெபி அங்க படிக்கோணும் எண்டு நிக்கிறாள். நீ பார்ப்பியோ?"

"ஓம் சேர்."

யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடக் கந்தோரில் ஏ.எல். என்ற உயர்தரச் சோதனை விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவள் நான். பிரித்தானியப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அங்கே மழை பெய்யும் என்பது மட்டும்தான். ஆனாலும் வேலை நிரந்தரமாகாத ஒருத்திக்கு வாயில் முதலில் வருவது "ஓம் சேர்" தானே. பிள்ளைகளே, மெழுகு பிறகுதான் வந்தது. அந்தப் படிவத்தில் விழுந்த முதல் கறை இந்த "ஓம் சேர்" தான்.

டெபிக்குப் பதினேழு வயது. கலிஃபோர்னியாவில் பாலைவனத்து ஓரத்து ஊர்க்காரி. தலைமுடி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். சில்க்கபோர் நூதனசாலைக்குப் பள்ளியோடு போனவள், சதுப்பு நிலத்தில் ஈராயிரம் வருடத்துக்கு மேல் கெடாமல் கிடந்த ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொல்லியல் தவிர வேறெதுவும் படிக்கமாட்டேன் என்று வந்து நின்றாள். அமெரிக்காவில் என்றால் முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்க வேண்டும். பிரித்தானியாவில் முதல் நாளே மண்ணைத் தோண்டலாம். அதற்காகத்தான் அங்கே போக நின்றாள்.

அவளுடைய அப்பா வேறு மாதிரி நினைத்தார். ஊரில் ஒரு வணிகக் கல்லூரியை அவளுக்காகப் பார்த்து வைத்திருந்தார். ஒப்பந்தம் முடிந்து, கிறிஸ்து பிறப்பான நத்தாரோடு குடும்பம் திரும்பிப் போகிறது. கடைசியில் தகப்பனும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வசந்தத்துக்குள் ஒரேயொரு பிரித்தானியப் பல்கலைக்கழகமாவது இடம் தருவதாகச் சொன்னால் போகலாம். இல்லையென்றால் வணிகக் கல்லூரி, மறுபேச்சில்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்தது அந்த ஒரு சந்தர்ப்பம்தான்.

இங்கிலாந்துக்கு எழுதிப் படிவம் எடுப்பித்தோம். இரண்டு பிரதி வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கல்லூரிக்கு ஒரு படிவம், பக்கம் பக்கமாக நான் யார், என் மனம் எப்படிப்பட்டது என்று கட்டுரை. இதுவோ ஒரேயொரு தாள். ஐந்து பல்கலைக்கழகம், பாடம், பரீட்சைப் புள்ளிகள், தன்னைப் பற்றி எழுத உள்ளங்கையளவு ஒரு பெட்டி, பின்பக்கத்தில் தலைமையாசிரியர் கருத்து. அவ்வளவுதான். அதை ஒரு பொது அலுவலகம் வாங்கி, சிறிதாக்கிப் படியெடுத்து, ஐந்து இடத்துக்கும் அனுப்பும். அதனால் கறுப்பு மையில் எழுத வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டெபி முதல் பிரதியைப் பச்சை மையில் நிரப்பிக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தாள். புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் குட்டி இதயம்.

"வடிவா இருக்கெல்லே?" என்றாள்.

"வடிவுக்குக் குறைச்சலில்லை" என்று சொல்லிவிட்டு அதைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மிச்சம் ஒரு படிவம். உள்ளங்கைப் பெட்டிக்கு அவள் நாலு பக்கம் எழுதி வந்தாள். அதில் செத்துப்போன நாய் ஒன்று, பிரிந்துபோன சிநேகிதி ஒருத்தி, சூரிய அஸ்தமனம் இரண்டு. நாங்கள் இருவரும் மூன்று கிழமை சண்டை பிடித்தோம். நாயை நான் வெட்ட, அவள் திரும்பக் கொண்டு வருவாள். கடைசியில் பதினொரு வரி மிஞ்சியது. அந்தச் சதுப்பு மனிதன் சாவதற்கு முன் குடித்த கஞ்சியில் என்ன தானியம் இருந்தது என்றுகூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அப்படிக் கண்டுபிடிக்கிற ஒருத்தியாக நான் இருக்க வேண்டும் என்று அது முடிந்தது. எனக்கே கண் கலங்கிப்போனது. டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்து, தலைமையாசிரியர் பின்பக்கத்தில் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டார். அடுத்த திங்கள் கடைசி நாள். "இண்டைக்கே விரைவுத் தபாலில போட்டுவிடுறன் சேர்" என்று சொல்லி உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானமே இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை. கவனியுங்கள், செவ்வாய்க்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள். எங்கள் பக்கத்தில் கடவுச்சீட்டோ, வேலை விண்ணப்பமோ, சோதனை அனுமதி அட்டையோ, எதுவானாலும் முதலில் அந்தோனியார் காலடியில் ஒரு தரம் வைத்து எடுத்த பிறகுதான் அது போக வேண்டிய இடத்துக்குப் போகும். என் ஏ.எல். அட்டையும் அப்படித்தான் போனது. எவ்வளவு பாடுபட்ட படிவம்! அதை வெறுமனே தபாற்கந்தோரில் போட எனக்கு மனம் வரவில்லை. பஸ் பிடித்துப் பக்கத்து நகரத்துக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனேன்.

கோவிலில் ஒருவரும் இல்லை. வாசலில் ஒரு மெழுகுதிரி எடுத்து, எங்கள் ஊர் வழக்கப்படி அடியை உருக்கி, அந்தோனியார் சுரூபம் நின்ற மேடையின் விளிம்பில் ஒட்டி நிறுத்தினேன். படிவத்தை உறைக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். உறைக்குள் இருந்தால் அவர் எப்படி வாசிப்பது? விரித்து, டெபி எழுதிய பக்கம் மேலே தெரிகிற மாதிரி காலடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி முழங்காலில் நின்றேன். இரண்டாவது 'அருள்நிறைந்த மரியே' மன்றாட்டைச் சொல்லும்போது யாரோ துப்புரவுக்கு வந்து பெரிய கதவைத் திறந்தார்கள். யூலண்டுக் காற்று உள்ளே வந்தது. காற்றாலைக்காகத் தொழிற்சாலை கட்டுகிற ஊர்களில் காற்று எப்படி வீசும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் மெழுகுதிரி அணைந்து படிவத்தின் மேலே படுத்துக் கிடந்தது. உருகிய மெழுகு முழுவதும் அந்த உள்ளங்கைப் பெட்டியில், கஞ்சிக்கும் தானியத்துக்கும் மேலே, குளமாக நின்றது.

"அந்தோனியாரே, உமக்குக் கண் தெரியேல்லையோ!" என்று நான் வாய்விட்டுக் கத்தியதைத் துப்புரவுக்கார அம்மா கேட்டு, கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் அருள், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மெழுகு எடுக்க ஒரு வழி எனக்குத் தெரியும். மேலே மை உறிஞ்சுகிற தாளை வைத்து அயன்பெட்டியால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மை உறிஞ்சுகிற தாளுக்கு அந்த நேரம் எங்கே போவது? கதவடியில் கிழமைக்குக் கிழமை போட்டுவிட்டுப் போகிற கடை விளம்பரத் தாள் கிடந்தது. அதை வைத்துத் தேய்த்தேன். மெழுகு அழகாகப் போனது. தாளைத் தூக்கிப் பார்த்தால், போன மெழுகு இருந்த இடத்தில் ஒரு பன்றி வந்து நின்றது.

உண்மையாகத்தான். நத்தார் விளம்பரத்துப் பொரித்த பன்றி, சூட்டில் அச்சு மை இறங்கி, வாயில் அப்பிளோடு, இடம் வலம் மாறி, டெபியின் பதினொரு வரிக்கும் குறுக்காக. பக்கத்தில் பெரிய எழுத்தில் ஐம்பது என்ற இலக்கமும் திரும்பி நின்றது. வருடத்தின் ஐம்பதாவது கிழமைக்கான மலிவு விற்பனை. டெனிஷ்காரர் எதற்கும் திகதி சொல்லமாட்டார்கள், வாரத்தின் எண்ணைத்தானே சொல்வார்கள்.

அருள் எட்டிப் பார்த்தார். "பகலெல்லாம் உதோடதான் மாரடிச்சிட்டு வாறன். இஞ்சயும் கொண்டந்திட்டீரே?"

"பகிடி விடாதேங்கோ! பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு. என்ர வேலையும் போச்சு."

அவர் கோப்பையை வைத்தார். "இஞ்ச பாரும். தபாலில போட்டனான், வழியில துலைஞ்சு போச்செண்டு சொல்லும். நத்தார் நேரம் எத்தினை கடிதம் துலையுது. ஆர் உம்மைக் கேக்கப் போகினம்?"

நான் புனிதவதி இல்லை. அந்த யோசனை எனக்குத் தேனாய் இனித்தது. அன்று மாலை முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பொய்யை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினேன். எங்கே மூச்சு விடுவது, எங்கே முகத்தைச் சுளிப்பது என்றுகூட.

புதன்கிழமை காலை தலைமையாசிரியரின் அறைக்குப் போனேன். அவர் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். "சேர், படிவத்துக்கு ஒரு பிரச்சினை..." என்று தொடங்கினேன். பழகிய பொய் தொண்டை வரை வந்து நின்றது.

அவர் கையை உயர்த்தினார். "டெபிக்குத் தெரியுமோ?"

"இல்லை சேர்."

"படிவம் என்ரயோ, அவளின்ரயோ?"

"அவளின்ர."

"அப்ப ஏன் முதல் என்னட்ட வந்தனி?" என்றுவிட்டுக் கோப்பியைக் குடிக்கத் தொடங்கினார். என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த அறையிலிருந்து டெபியின் வகுப்புக்கு இருபது அடி இருக்கும். அதற்குள் பொய் கரைந்து போய்விட்டது. தலைமையாசிரியரிடம் என்றால் வேலைக்காகச் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தபாலில் துலைந்தது என்று சொன்னால், அவள் வருகிற கிழமை முழுக்கத் தபாற்கந்தோர் தபாற்கந்தோராக அலைவாளே என்று நினைத்தேன். இங்கே எங்களை டெனிஷில் வைலெடர், அதாவது வழிகாட்டி, என்கிறார்களே, நான் அந்த வேலைக்குள் உண்மையாகக் காலடி வைத்தது அந்த இருபது அடியில்தான் என்று நினைக்கிறேன்.

டெபியை வெளியே கூப்பிட்டு, படிவத்தைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. கண் நிறைந்தது.

"ஏன் கோவிலுக்குக் கொண்டு போனனீங்கள்?"

"நான் படிக்க எழுதிப் போட்ட எல்லாமே அப்பிடிப் போய்த்தான் சரிவந்தது. உனக்கும் சரிவரோணும் எண்டு ஆசைப்பட்டன். மன்னிச்சுக்கொள் பிள்ளை."

அவள் படிவத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். மோந்து பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போனால், சிரிக்கிறாள்! விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

"ரஞ்சி, இது படிவமில்லை. இது அகழ்வு! பாருங்கோ, முதலாவது படை, மை. ரெண்டாவது படை, மெழுகு. மூண்டாவது படை, பன்றி. பன்றிக்குக் கிழமைகூடக் குறிச்சிருக்கு. சதுப்பு மனுசனுக்கே இவ்வளவு திருத்தமாக் காலம் சொல்லேலாது!"

முதலில் இங்கிலாந்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். குரலில் வயது தெரிந்த ஒரு பெண் எடுத்தார். புதிய படிவம் இன்றைக்கே அனுப்பினாலும் நத்தார்த் தபாலில் திங்களுக்குள் வந்து திரும்பாது என்றார். பிந்தி வருவதையும் வாங்குவார்களாம், ஆனால் பல்கலைக்கழகங்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லையாம். பிறகு கேட்டார்: "பிள்ளை, வாசிக்கேலுமோ? படியெடுத்தாத் தெரியுமோ?" தொலைபேசியைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பள்ளியின் இயந்திரத்தில் படியெடுத்துப் பார்த்தோம். பதினொரு வரியும் தெரிந்தது. பன்றியும் தெரிந்தது, அசலைவிட வடிவாக.

"வாசிக்கேலும் மேடம், ஆனா ஒரு பன்றியும் நிக்குது."

அந்த அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். "கறுப்பு நிறத்திலயோ?"

"ஓம்."

"அப்ப அனுப்புங்கோ."

அடுத்த சண்டை அங்கே தொடங்கியது. படிவத்தோடு ஒரு மன்னிப்புக் கடிதம் வைப்போம் என்றேன் நான். டெபி மாட்டேன் என்றாள். ஐந்து பல்கலைக்கழகத்துத் தொல்லியல் பகுதிக்கும் தனித்தனியாக ஓர் அகழ்வு அறிக்கை அனுப்பப் போகிறேன் என்று நின்றாள். பிரித்தானியர் எங்களை விசர் என்று நினைப்பார்கள் என்று நான் கத்தினேன். "விசர்தானே!" என்று அவளும் கத்தினாள். மரச்செருப்புச் சத்தம் கதவு வரை வந்து, ஒரு நிமிடம் நின்று, திரும்பிப் போனது. படிவம் என்ரயோ, அவளின்ரயோ? நான் வாயை மூடிக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.

முதற்படை, பதினேழு வயதுப் பெண்ணின் ஆசை, கறுப்பு மை. இரண்டாம் படை, தேன்மெழுகு, வழிபாட்டுக்குரியது. மூன்றாம் படை, பன்றி, ஐம்பதாவது கிழமை. "இதைக் கண்டெடுக்கும் வருங்கால ஆய்வாளர், இந்த ஊர் மக்கள் பன்றிக்கு மெழுகுதிரி ஏற்றிக் கும்பிட்டார்கள் என்று முடிவு செய்யக்கூடும். அவர் அவசரப்படக் கூடாது. ஏற்றியவரிடம் முதலில் கேட்க வேண்டும்" என்று முடித்தாள். சிரித்துச் சிரித்து நான் மூன்று தாளைப் பிழையாக அடித்தேன்.

அனுப்புவது எப்படி? விரைவுத் தபாலையும் நம்ப முடியாத நத்தார் நெரிசல். அன்று வீட்டில் அருள்தான் சொன்னார்: "எங்கட தொழிற்சாலையில இருந்து நாளைக்கு இங்கிலாந்துக்கு லொறி போகுது. எஸ்பியாவில கப்பல் ஏறி வெள்ளிக்கிழமை அங்க நிக்கும். சாரதி எனக்கு நல்ல பழக்கம். அங்க இறங்கித் தபாலில போடச் சொன்னாப் போடுவான்."

"லொறியில என்ன போகுது?"

அவர் என்னைப் பார்த்தார். "வேற என்ன, பன்றிதான்."

வியாழன் காலை டெபியும் நானும் கிரின்ஸ்டெட்டுக்குப் போய், படிவம் ஒன்றும் அறிக்கை ஐந்துமாக ஆறு உறைகளையும் சாரதியின் கையில் கொடுத்தோம். அவர் அவற்றைத் தன் இருக்கைக்குப் பின்னால் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார். லொறி வளைவில் திரும்பும்வரை டெபி கை காட்டிக்கொண்டு நின்றாள். நான் சிலுவை அடையாளம் போட்டேன். தூர நின்றுதான்.

நத்தாரோடு அவள் போய்விட்டாள். படிவத்தில் பள்ளி முகவரிதான் இருந்தது. அதனால் பதில்கள் என் மேசைக்கு வந்தன. அவள் பெயருக்கு வந்த உறைகளை நான் திறக்கவில்லை, கலிஃபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்பினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நாலு மெல்லிய உறை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நாலும் இல்லையென்ற பதில் என்று டெபி தொலைபேசியில் சொன்னாள். ஒவ்வொரு தரமும் நான்தான் அழுதேன், அவள் என்னைத் தேற்றினாள். ஐந்தாவது உறையை அனுப்பி ஒரு கிழமையில், பின்னேரம் நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அங்கே விடிந்து ஏழு மணி.

"ரஞ்சி, இது இல்லையெண்டும் இல்லை, ஓமெண்டும் இல்லை. ஒரு விரிவுரையாளர் ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறார். மெழுகு தேன்மெழுகுதான் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கத்தோலிக்கக் கோவில்ல தேன்மெழுகுதான் எண்டு எங்கயோ வாசிச்சனான்." அவள் குரல் இறங்கியது. "சோதிச்சுப் பார்த்தனான் எண்டு எழுதட்டோ? அவருக்குத் தெரியவா போகுது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று நான் பழகிய அதே பொய், வேறு உடுப்பில் வந்து நிற்கிறது. "பொறு பிள்ளை. ஒண்டும் எழுதாதை. நான் போய்ப் பார்த்திட்டு வாறன்" என்றேன்.

அடுத்த நாள் கோவிலுக்குப் போய் மெழுகுதிரிப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். தேனும் இல்லை, மெழுகும் இல்லை. ஸ்டியரின் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து அருளிடம் கேட்டேன், ஸ்டியரின் என்றால் என்னவென்று.

"அது கொழுப்பிலயிருந்து எடுக்கிறதெல்லே. எங்கட தொழிற்சாலையில வெட்டி எறியிற கொழுப்பும் உப்பிடி ஏதுக்கோதான் போகுதெண்டு கதைக்கிறவங்கள்."

"பன்றிக் கொழுப்போ?"

"பின்ன, என்ர கொழுப்பே?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். டெபியிடம் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் விக்கல் சத்தம் கேட்டது. அவள் அன்றே விரிவுரையாளருக்கு எழுதினாள். என் கூற்று பிழை. நான் சோதிக்கவில்லை, வாசித்ததை வைத்து ஊகித்தேன். மெழுகுதிரியை ஏற்றியவர் போய்ப் பார்த்து வந்தார், அது ஸ்டியரின். விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. அப்படியென்றால் நான் இரண்டு படை என்று எழுதியது ஒரே பன்றியாகவும் இருக்கக்கூடும்.

இரண்டு கிழமையில் ஒரு தடித்த உறை வந்தது. அதையும் திறக்காமல் அனுப்பினேன். இடம் கிடைத்துவிட்டது! "எங்களுக்கு விண்ணப்பிக்கிற எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாது என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்" என்று அந்த விரிவுரையாளர் எழுதியிருந்தாராம். டெபி தொலைபேசியில் அதை மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். நான் கந்தோர் நடுவில் துள்ளியதில் மரச்செருப்புச் சத்தம் ஓடி வந்தது. அவரும் துள்ளினார். பாற்பண்ணைக் கட்டடம் அதிர்ந்தது.

அந்த வருடமே காற்றாலை வியாபாரம் படுத்தது. அமெரிக்கர்கள் போனார்கள், பள்ளி மூடியது. நகரசபைப் பள்ளிக்கு வேலை கேட்டுப் போன என் கையில் தலைமையாசிரியர் ஒரு கடிதம் தந்துவிட்டார். அதை வாசித்த டெனிஷ் அம்மா நிமிர்ந்து பார்த்து, "பிள்ளையின் படிவத்தில் மெழுகைக் கொட்டிவிட்டு, என் கோப்பி ஆறுவதற்குள் பிள்ளையிடம் போய்ச் சொன்னவர் என்று எழுதியிருக்கிறதே, உண்மையா?" என்று கேட்டார். தெரியாததற்கு "ஓம் சேர்" சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்று தெரிந்ததற்குத்தான் "ஓம்" என்றேன். அங்கேதான், உங்களையெல்லாம் சந்தித்து ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

எனவே, பிள்ளைகளே, நீங்களும் கொட்டுவீர்கள். மெழுகோ, கோப்பியோ, கணினியில் தட்டக்கூடாத பொத்தானோ, ஏதோ ஒன்று. கொட்டினால் மேலதிகாரியின் கதவைத் தட்டாதீர்கள். அது யாருடைய படிவமோ, அந்தப் பிள்ளையிடம் முதலில் போங்கள்.

டெபி தனக்கு இடம் தந்த கடிதத்தை எனக்கு அனுப்பி வைத்தாள், அசலையே. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துக் கோவிலுக்குப் போனேன். ஒரு மெழுகுதிரி ஏற்றி, ஒட்டி, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்து, பெரிய கதவு பூட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, கடிதத்தை விரித்து அந்தோனியார் காலடியில் வைத்தேன். வாசிக்கட்டும், அவருக்கும் இதில் பங்கிருக்கிறதே.

போட்டோக்கொப்பியைத்தான் வைத்தேன்.